பெயர் காத்த ஏடும் குரல் காத்த நாவும்

பெயரன், பெயர்த்தி என்னும் உறவுச்சொற்களே தமிழரின் முதற் குடும்பப் பதிவேடு எனலாம். பாட்டனின் பெயரைத் தாங்கியவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்கியவள் பெயர்த்தி. இவையே வழக்கில் பேரன், பேத்தி என நின்றன. ஏடும் எழுத்தாணியும் புகாத வீட்டிலும் மூன்றாம் தலைமுறையில் ஒரு பெயர் மீண்டும் ஒலிக்குமாறு அமைந்த ஏற்பாடு இது. ஆயினும் பாட்டனுக்குப் பாட்டன் யார், எவ்வூரினர் என வினவினால் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் மறுமொழி கிடைப்பதில்லை. பெயர் சுழன்று வருகிறது. அதனைத் தாங்கிய மனிதர் மறைந்துபோகின்றனர்.

இங்கிலாந்தின் நிலை வேறு. அங்குச் சிற்றூர் ஒன்றில் ஏரோட்டிப் பிழைத்த எளியவனின் திருமுழுக்கையும் மணத்தையும் அடக்கத்தையும் ஊர்க் கோயிலின் ஏடு காத்து வைத்திருக்கிறது. ஏடுகள் அழியாது எஞ்சிய ஊர்களில் முந்நூறு, நானூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல ஒரு சாதாரணக் குடும்பத்திற்கும் வழியுண்டு. ஒன்று நாவில் வாழும் நினைவு. மற்றொன்று தாளில் வாழும் நினைவு. இவ்விரண்டும் ஒரே மலைமேல் அருகருகே வாழ்ந்த இடம் சேலத்துச் சேர்வராயன் மலை. ஒன்றன் நிறைவும் மற்றதன் குறைவும் அங்கு நன்கு புலப்படுகின்றன.

மலைமேல் இருவர்

சேலம் மாவட்ட ஆட்சியராக 1820 முதல் 1829 வரை பணியாற்றிய காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை அறிமுகம் செய்தார். அவரைத் தொடர்ந்து ஐரோப்பியத் தோட்ட உரிமையாளரும், ஓய்வுபெற்ற அலுவலரும், சமயத் தொண்டரும் ஏற்காட்டில் குடியேறினர். தோட்டங்களின் பின்னே கோயில் வந்தது. கோயிலோடு கல்லறைத் தோட்டமும், திருமுழுக்கு, மணம், அடக்கம் ஆகியவற்றைக் குறிக்கும் பதிவேடுகளும் வந்தன.

இங்கு வாழ்ந்தோருள் இருவர் தமிழுலகின் நன்றிக்கு உரியவர். ஒருவர் பீட்டர் பெர்சிவல் (1803-1882). வெஸ்லியன் மெதடிஸ்ட் சபையின் தொண்டராக 1826இல் அனுப்பப்பட்ட இவர், யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் கல்விப்பணி ஆற்றினார். 1848இல் அப்பணியைத் துறக்கும் வரை ஆறுமுக நாவலர் இவருடைய விவிலிய மொழிபெயர்ப்பிற்குத் துணைநின்றதை இலக்கிய வரலாறு நன்கறியும். பின்னர் ஆங்கிலத் திருச்சபையில் சேர்ந்து சென்னைக்கு வந்த பெர்சிவல் ‘தினவர்த்தமானி’ இதழை நடத்தினார். அதன் ஆசிரியப் பொறுப்பிற்கு அவர் அழைத்துவந்தவரே பின்னாளில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை. பெர்சிவல் தொகுத்த தமிழ்ப் பழமொழிகளின் மூன்றாம் பதிப்பு 1874இல் வெளிவந்தபோது, அதில் ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட பழமொழிகள் இடம்பெற்றிருந்தன. அவர் மறைந்தது ஏற்காட்டில்.

மற்றவர் இராபர்ட் புரூஸ் ஃபூட் (1834-1912). இங்கிலாந்தின் செல்ட்னம் நகரில் பிறந்து, 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தவர். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்து, இந்திய நிலத்து மனிதனின் தொன்மையை ஆய்வுலகிற்கு உணர்த்தியவர். பிற்காலத்தில் ஏற்காட்டைத் தம் இருப்பிடமாகக் கொண்ட இவர் கல்கத்தாவில் காலமானார். நினைவிடம் ஏற்காட்டுப் பரிசுத்த திரித்துவ ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் உள்ளது. பெர்சிவலின் மகள் எலிசபெத் ஆன் இவருடைய மனைவி. மொழியை ஆய்ந்தவரும் கல்லை ஆய்ந்தவரும் மாமனும் மருமகனுமாயினர்.

ஊர்க்கோயிலின் ஏடு

இவ்விருவரின் முன்னோரைத் தேட விழைபவர் இங்கிலாந்தின் ஊர்ப்பங்குப் பதிவேடுகளை நாடவேண்டும். பங்கு என்பது குரு ஒருவரின் பொறுப்பில் அமைந்த ஊர்வட்டம். எட்டாம் ஹென்றி மன்னனின் அமைச்சராயிருந்த தாமஸ் குரொம்வெல் 1538இல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு பங்கின் குருவும் தம் எல்லைக்குள் நிகழும் திருமுழுக்கு, மணம், அடக்கம் ஆகியவற்றை வாரந்தோறும் ஏட்டில் எழுதவேண்டும் என்பதும், இரண்டு பூட்டுகள் உள்ள பெட்டியில் அவ்வேட்டை வைத்துக் குருவிடம் ஒரு திறவுகோலும் கோயிற் பொறுப்பாளரிடம் மற்றொன்றும் இருக்கவேண்டும் என்பதும் அவ்வாணை. இருவர் கூடினாலன்றி ஏடு வெளிவராது. நம் கோயிற் பண்டாரங்களைப் பலர் கூடித் திறக்கும் மரபினை இது நினைவூட்டும்.

தாளில் எழுதியவை அழியத் தொடங்கவே, 1598 முதல் அவற்றைத் தோலேட்டில் பெயர்த்தெழுதவும், ஆண்டுதோறும் ஒரு படியை ஆயருக்கு அனுப்பவும் ஏற்பாடாயிற்று. மூல ஏடு எரிந்தாலும் கறையான் தின்றாலும் ஆயரின் படி எஞ்சும். ஆண்டுக் கணக்கிலும் தேடுவோர்க்கு விழிப்பு வேண்டும். 1751 வரை இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25ஆம் நாள் பிறந்தது. ஆகவே ஏட்டில் 1720 பிப்ரவரி எனக் காண்பது இன்றைய கணக்கில் 1721 பிப்ரவரியாகும்.

1754இல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டம், குவேக்கரும் யூதரும் நீங்கலாக, எல்லாரும் ஊர்ப்பங்குக் கோயிலிலேயே மணம் புரியவேண்டும் என்றது. மணமக்கள் ஏட்டில் கையெழுத்திட வேண்டும். எழுத்தறியாதார் குறி இடுவர். 1813 முதல் அச்சிட்ட படிவங்கள் வந்தன. திருமுழுக்குப் படிவத்தில் குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், குடியிருப்பு, தந்தையின் தொழில் ஆகியவற்றிற்குத் தனித்தனிக் கட்டங்கள் அமைந்தன. 1837 ஜூலை முதல் அரசே பிறப்பு, மணம், இறப்பு ஆகியவற்றைப் பதியத் தொடங்கியது. அதற்கு முந்தைய மூன்று நூற்றாண்டுகளுக்குக் கோயிலின் ஏடே முதன்மைச் சான்று.

இரு பிறப்புகள், இரு தேடல்கள்

ஏற்காட்டில் தொடங்கும் தேடல் முதலில் இலண்டனுக்குச் செல்கிறது. மலையில் ஓர் ஆங்கிலேயர் இறந்தால் குருவானவர் ஏட்டில் எழுதுவார். அதன் படி சென்னைக்கும், அங்கிருந்து இலண்டனுக்கும் சென்றது. இங்கிலாந்தில் ஊர்க்குரு ஆயருக்குப் படி அனுப்பிய முறையே கடல் கடந்து இவ்வாறு வளர்ந்தது எனலாம். சென்னை மாகாணத்துப் படிகள் 1698 முதல் கிடைக்கின்றன. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. ஏடுகளுக்குத் துணையாகக் கல்லறை எழுத்துகளும் உள. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1905இல் வெளியிட்டார். தொல்லியலாளர் சாந்தி பப்பு 2008இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை, ஃபூட்டின் தனிவாழ்வை ஆவணங்களின் துணையோடு வெளிக்கொணர்ந்தது. நூறாண்டுக்கு முன் மறைந்த ஒருவரின் இல்லற வாழ்வையும் எழுத்துச்சான்றுகள் மீட்டுத்தர வல்லன என்பதற்கு அது சான்று.

இலண்டனிலிருந்து தேடல் சிற்றூர்களை நோக்கிப் பிரிகிறது. ஃபூட் பிறந்தது 1834இல். அரசுப் பதிவு தொடங்க இன்னும் மூன்றாண்டுகள் இருந்தன. ஆதலால் அவர் காலத்தவர்க்கு அரசின் பிறப்புச் சான்று இல்லை. 1813ஆம் ஆண்டின் அச்சுப்படிவமே முதன்மை ஆவணம். அதனால் தந்தையின் தொழிலும் குடியிருப்பும் தெரியவரும்.

பெர்சிவல் பிறந்தது 1803இல். அச்சுப்படிவத்திற்குப் பத்தாண்டு முன்னர். அக்காலத்துக் குரு எவ்வளவு எழுதினாரோ அவ்வளவே கிடைக்கும். சில ஊர்களில் குழந்தையின் பெயரும் தந்தையின் பெயரும் மட்டுமே இருக்கும். மெதடிஸ்ட் முதலிய பிற சபையினராயின் இன்னொரு சிக்கலும் உண்டு. அவர்களின் திருமுழுக்கு ஊர்ப்பங்கு ஏட்டில் இல்லாது, அவரவர் சபையின் ஏட்டில் இருக்கக்கூடும். அத்தகைய ஏடுகளுள் பல 1837க்குப்பின் அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, இன்று கியூ நகரின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஆனால் 1754ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதே குடும்பத்தின் திருமணமோ ஊர்ப்பங்கு ஏட்டில்தான் பதிவாகியிருக்கும். பிள்ளையை ஓர் ஏட்டிலும் பெற்றோரை மற்றோர் ஏட்டிலும் தேடவேண்டிய நிலை இது. முப்பத்தோராண்டு இடைவெளியில் பிறந்த மாமனுக்கும் மருமகனுக்கும் தேடும் வழியே மாறிவிடுகிறது.

ஏடு விட்ட பெயர்கள்

இவ்வளவு செவ்விய முறையிலும் பெரிய ஓட்டை ஒன்றுண்டு. அது பெண்ணின் பெயர். திருமுழுக்குப் படிவம் பெற்றோர் இருவரின் பெயரையும் கேட்டது. குடும்பப் பெயரை ஒன்றே கேட்டது. அது கணவனுடையது. தாய் எக்குடியில் பிறந்தாள் என்பதை அறிய மண ஏட்டைத் தனியே தேடவேண்டும். அரசுப் பதிவு வந்த பின்னரே தாயின் பிறந்தகப் பெயர்க்கு ஒரு கட்டம் கிடைத்தது. பெர்சிவல் குடும்பத்தையும் ஃபூட் குடும்பத்தையும் இணைத்த எலிசபெத் ஆனின் நிலையை எண்ணிப்பார்க்கலாம். அவர் பெற்ற மக்கள் ஃபூட் என்றே ஏட்டில் நின்றனர்; தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்த பாட்டனின் பெயர் அவர்கள் பெயரில் இல்லை.

தாய் இந்தியப் பெண்ணாயின் ஓட்டை இன்னும் பெரிது. கம்பெனி ஆட்சியின் தொடக்க நூற்றாண்டுகளில் ஐரோப்பியரோடு வாழ்ந்து மக்களைப் பெற்ற இந்தியப் பெண்கள் பலர், ஆவணங்களில் ஒற்றைப் பெயரோடோ, பெயரே இன்றியோ நிற்பதை வரலாற்றறிஞர் துர்பா கோஷ் 2006இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஐதராபாத்தில் ஆங்கிலேயப் பிரதிநிதியாயிருந்த ஜேம்ஸ் கிர்க்பாட்ரிக்கிற்கும் கைருன்னிசாவிற்கும் பிறந்த இரு மழலையரும் 1805இல் சென்னையிலிருந்து கப்பலேறினர். 1806 மார்ச் 25இல் இலண்டன் மேரில்போன் பங்கில் அவர்களுக்குத் திருமுழுக்கு நடந்தது. சாகிப் ஆலம் வில்லியம் ஜார்ஜ் ஆனான். சாகிப் பேகம் கேதரின் ஆனாள். தாய் அழைத்த பெயர் ஐதராபாத்தோடு நின்றுவிட்டது.

இதற்கும் முன்னோடி ஒருவன் உண்டு. வங்கக் கடற்கரையிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட இந்தியச் சிறுவன் ஒருவனுக்கு 1616 டிசம்பர் 22ஆம் நாள் இலண்டன் புனித தியோனிஸ் பங்கில் திருமுழுக்கு நடந்தது. மன்னன் முதலாம் ஜேம்ஸ் தேர்ந்த பீட்டர் என்னும் பெயர் ஏட்டில் ஏறிற்று. அவன் தாய் இட்ட பெயர் ஏறவில்லை. நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவனுக்குத் திருமுழுக்கு நடந்த நாளைச் சொல்ல முடிகிறது. அவன் யார் மகன் என்று சொல்ல முடியவில்லை.

பழம்பெயரை விடாது புதுப்பெயரைச் சேர்த்துக்கொண்டோரும் உளர். இரட்சணிய யாத்திரிகம் பாடிய கிருஷ்ணபிள்ளை 1858இல் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்பிரட் ஆனார். எச். ஏ. என்னும் இரண்டெழுத்தாய் அப்பெயர் முன்னே நிற்க, கிருஷ்ணபிள்ளை என்னும் பெயரே தமிழில் நிலைத்தது. ஏட்டுப் பெயரும் வீட்டுப் பெயரும் சேர்ந்து வாழ்ந்த அரிய சான்று இது.

மலையோரின் நினைவு

ஏற்காட்டுக் கோயில் எழுப்பப்படும் முன்னரே, நாகலூர் முதலிய மலையூர்களில் மலையாளிகள் எனப்படும் தமிழ் பேசும் மலைமக்கள் வாழ்ந்துவந்தனர். மலையை ஆள்வோர் என்னும் பொருளில் வழங்கும் இப்பெயருக்கும் கேரளத்திற்கும் தொடர்பில்லை. இவர்களின் குடும்ப வரலாறு கதையாகவே வழங்கியது. காஞ்சியில் இருக்கப் பிடியாத கரிராமன் என்னும் தெய்வம் புறப்பட, பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூவர் தம் குடும்பத்தோடு பின்தொடர்ந்தனர். சேலத்து எல்லையில் வழி பிரிந்து பெரியண்ணன் சேர்வராயன் மலையேறினான். மற்றிருவரும் வேறு மலைகளுக்குச் சென்றனர். இது இவர்களிடையே வழங்கிய மரபுக்கதையின் ஒரு வடிவம்.

இக்கதையில் ஆண்டு இல்லை; கையெழுத்து இல்லை; தொழிற்கட்டம் இல்லை. ஆனால் ஊர்ப்பங்கின் ஏடு சொல்ல இயலாத ஒன்று உண்டு: எங்கிருந்து, எதற்காக, யாரைப் பின்பற்றி வந்தோம் என்னும் விளக்கம். மலையூரார் சேலநாடு, முட்டுநாடு, மோகநாடு என மூன்று நாடுகளாய்ப் பிரிந்து உறவுமுறை பேணினர். ஆண்டுதோறும் மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவிற்குக் கூடுகின்றனர். யார் யாருக்கு என்ன உறவு என்பது அத்தகைய கூட்டங்களில் வாயால் புதுப்பிக்கப்படும் பதிவு.

காப்பித் தோட்டத் தொழிலாளியின் பெயர் மற்றொரு வகை ஏட்டில் ஏறியது. அது கூலிக் கணக்கு. இலங்கை மலையகத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கு ஒரு ‘பேர்’, அரைநாள் வேலைக்கு ‘அரைப்பேர்’ என்னும் வழக்கு உண்டு. பெயர் எழுதுவதே கூலி எழுதுவதாயிற்று; பெயருக்கு வேறு பொருளில்லாது போயிற்று. கோயிலின் ஏடு ஒருவனை இன்னாரின் மகன் எனப் பதிந்தது. தோட்டத்தின் ஏடு அவனை இத்தனை நாள் உழைப்பு எனப் பதிந்தது.

கடல் கடந்த தமிழர்க்கு ஒரு வாய்ப்பு அமைந்தது. சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16இல் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றோரின் பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, ஊர், மாவட்டம் ஆகியன கப்பற் பட்டியல்களில் குறிக்கப்பட்டன. அடிமைத்தனத்திற்கு அடுத்த நிலையில் மனிதரைக் கணக்கெடுக்க எழுந்த அப்பட்டியல்கள், இன்று தென்னாப்பிரிக்கத் தமிழர்க்குத் தம் பூர்வீக ஊரைக் காட்டும் வழித்துணையாகியுள்ளன. இங்கிலாந்தின் உழவனுக்குக் கோயில் செய்ததை, வறுமையால் கப்பலேறியவனுக்குக் கங்காணிப்பு செய்தது என்பது வரலாற்றின் முரண்.

முதலெழுத்தின் சிக்கல்

ஆங்கில முறையை அப்படியே கைக்கொள்ளத் தமிழ்க் குடும்பத்தால் இயலாது. அங்குக் குடும்பப் பெயர் தலைமுறைதோறும் மாறாது நிற்கிறது. இங்கு முனுசாமியின் மகன் மு. இராமசாமி, அவன் மகன் இரா. முனுசாமி. இரு தலைமுறையில் முதலெழுத்தே மாறிவிடும்; பெயரோ பாட்டனிடம் திரும்பிவிடும். ஒரே ஊரில் மூன்று முனுசாமிகள் இருப்பின் யார் எவர் எனப் பிரித்தறிவது அரிது. எனவே தமிழர் குடும்ப வரலாற்றைப் பெயரின் வழியே மட்டும் தேடலாகாது; நிலத்தின் வழியும், குலதெய்வத்தின் வழியும், பெண் கொண்ட, கொடுத்த ஊர்களின் வழியும் தேடவேண்டும்.

ஏடுகளும் அறவே இல்லாமலில்லை. கிராமக் கணக்கின் அ-பதிவேடு நிலத்தின் உரிமையாளரைச் சொல்லும். சென்னை மாகாணத்தின் 1899ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எழுதப்பட்ட பிறப்பு, இறப்புப் பதிவுகள் உள. தரங்கம்பாடியில் 1707இல் சீர்திருத்தச் சபையின்வழி முதன்முதலாகத் தமிழர்க்குத் திருமுழுக்கு நடந்தது. கிறித்தவக் குடும்பங்களுக்குச் சபைகளின் ஏடுகள் பெருந்துணை. இவற்றுள் எஞ்சியவை எத்தனை என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். இரண்டு பூட்டுப் பெட்டியும் ஆயருக்கு அனுப்பும் படியும் இங்கு அமையவில்லை. ஒற்றைப் படியாய் இருப்பது கரையானுக்கு இரையாகும் முன் பெயர்த்தெழுதப்பட வேண்டும்.

பெயரில்லாக் குரல்

மீண்டும் பெர்சிவலிடம் வரலாம். அவர் தொகுத்த ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட பழமொழிகளை முதலிற் சொன்னவர் யார்? நடவு வயலில் ஒருத்தி சொல்லியிருப்பாள். சந்தையில் ஒருவன் சொல்லியிருப்பான். மாமியாரை எண்ணி ஒரு மருமகள் முணுமுணுத்திருப்பாள். அவர்களுள் ஒருவர் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. குரல் மட்டும் நிற்கிறது. தொகுத்தவரின் பெயர் நூலின் முகப்பிலும், ஏற்காட்டின் வரலாற்றிலும் நிலைத்தது. ஆயின் ஏட்டில் எழுதப்பட்ட அவர் பெயர் அவர் குரலைச் சொல்லாது. ஏடு பெயரைக் காத்தது. நாவு குரலைக் காத்தது. எது எதனை இழந்தது என்பதே எண்ணத்தக்கது.

ஃபூட்டின் வாழ்வும் இதனையே வேறு வகையில் காட்டும். அவர் தொகுத்த கற்கருவிகளைச் செய்தோர்க்குப் பெயருமில்லை, குரலுமில்லை. கையின் திறன் மட்டுமே கல்லில் உண்டு. சேர்வராயன் மலையிலும் புதிய கற்காலத்து வழவழப்பான கற்கோடரிகள் கிடைத்தன. மலைமக்கள் அவற்றை மரத்தடிப் பிள்ளையார் கோயில்களில் வைத்து வழிபட்டனர். செய்தவன் யாரென அறியாதபோதும், அது முன்னோரின் கைப்பொருள் என்னும் உணர்வு போலும் அதனைக் காத்தது.

தமிழ் மரபில் பெயரைக் காக்கும் வேட்கை இல்லாமலில்லை. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் தேர்வது முதல் வாழ்த்துவது வரை நடுகல்லின் நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்தது. சேலம், தருமபுரிப் பகுதிகள் நடுகற்கள் மலிந்தவை. சங்கத் தொகைகளைக் கட்டியோர் பாட்டின்கீழ்ப் பாடியவர் பெயரைக் குறித்தனர். பெயர் தெரியாதபோது அவர் பாடிய தொடரையே பெயராக்கினர். செம்புலப் பெயல்நீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்போர் அவ்வாறு பெயர் பெற்றவர். பெயரை இழந்த புலவனுக்கு அவன் குரலையே பெயராகச் சூட்டிய பதிவேடு உலகில் வேறெங்கும் எளிதிற் காணக்கூடியதன்று. பாட்டு நின்றதால் அது இயன்றது.

இலக்கிய வட்டமொன்றின் ஆண்டு மலரில் உறுப்பினர் பெயர்கள் அச்சாகின்றன. அருகிலேயே அவர்தம் கவிதைகளும் அச்சாகின்றன. பெயரும் குரலும் ஒரே தாளில் நிற்கும் வாய்ப்பு அது. நூறாண்டு கழித்து ஒரு கொள்ளுப்பேத்தி தேடிவரும்போது, கவிஞர் அவளுக்குக் கிடைப்பார். கவிஞரின் தாய் கிடைப்பாளா என்பதே வினா. அவள் பெயர், அவள் பிறந்த ஊர், அவள் வாயில் வழங்கிய ஒரு பழமொழி, அவள் பாடிய ஒரு தாலாட்டு ஆகியவற்றை இன்றிருப்போர் எழுதிவைத்தால் கிடைப்பாள். இரண்டு படிகள் எழுதி, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை ஊர் நூலகத்திலும் வைப்பது நலம்.